‘என் லேப்டாப்ல சரியா ஓடுதே!’: சாஃப்ட்வேர் டீம்களின் தீராத தலைவலியும், வெர்ச்சுவல் மெஷின் தரும் தீர்வும்

சாஃப்ட்வேர் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "என் லேப்டாப்ல சரியா ஓடுதே!" என்பதுதான் அது. டெவலப்பர் எழுதிய நிரல் அவருடைய கணினியில் பிசகில்லாமல் ஓடும். பக்கத்து சீட்டுக்காரரின் கணினியில் பிழை காட்டும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரில் ஏற்றினால் மொத்தமாகப் படுத்துவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு வேறு மாதிரி கஷ்டம். லேப்டாப் கைக்கு வந்த முதல் சில நாட்கள் "இதை இன்ஸ்டால் பண்ணு, அதைத் தூக்கு" என்றே ஓடிவிடும். எதை எந்த வரிசையில் போட வேண்டும், எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பது டீமில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடும்.

சமையலில் கைப்பக்குவம் பெருமை. சாஃப்ட்வேர் டீமில் அதுவே ஆபத்து. அந்தக் கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவந்து, யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அதே மாதிரி கணினியை உருவாக்கிக்கொள்ள உதவுவதுதான் மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய வெர்ச்சுவல் மெஷின். அது எப்படி வேலை செய்கிறது? எப்படி அமைப்பது? எங்கே சறுக்கும்? விரிவாகப் பார்ப்போம்.

ஒரே ஒரு சர்வர் மாறினால் என்ன ஆகும்?

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா என்ன?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும்.

2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியிருந்தது. ஏற்றியவர் 7 சர்வர்களை முடித்துவிட்டு, ஒன்றை விட்டுவிட்டார். அந்த எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் அப்படியே கிடந்தது. காலையில் சந்தை திறந்ததும் அந்தப் பழைய நிரல் விழித்துக்கொண்டு, பங்குகளை வாங்கவும் விற்கவும் மளமளவென ஆர்டர் போடத் தொடங்கியது.

சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் வெளியிட்ட உத்தரவில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியது. ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்துப்பூர்வமான நடைமுறையே அங்கே இல்லை.

வெர்ச்சுவல் மெஷின் இருந்திருந்தால் மட்டும் நைட் கேப்பிட்டல் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கையால் செய்யும் வேலையில் ஒரு கணினி மட்டும் சத்தமில்லாமல் மாறிப்போகும், அது யார் கண்ணிலும் படாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

ஒரே நிரல் ஏன் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஓடுகிறது?

நிரல் தனியாக ஓடுவதில்லை. அதன் கீழே இயங்குதளம், டேட்டாபேஸ், துணை மென்பொருட்கள், நேர அமைப்பு என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. இதில் ஒன்று மாறினாலும் விளைவு மாறும். மூன்று உதாரணங்கள்:

தமிழ்ப் பெயர் காணாமல் போவது: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 8.0 பதிப்பில் இயல்பாகவே யூனிகோட் எழுத்து முறை இருக்கிறது. பழைய 5.7 பதிப்பில் அமைப்பை மாற்றாவிட்டால் லத்தீன் எழுத்து முறைதான். டெவலப்பரின் லேப்டாப்பில் 8.0, சர்வரில் 5.7 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் 'முருகேசன்' என்று அழகாகச் சேமித்த நிரல், சர்வரில் பிழை காட்டும். அமைப்பைப் பொறுத்து, பெயருக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகளும் வரலாம்.

நிதியாண்டே மாறிப்போவது: லேப்டாப்பில் இந்திய நேரம். சர்வரில் பெரும்பாலும் உலகப் பொது நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போடும் பில், சர்வர் கணக்கில் மார்ச் 31 இரவு 8.30. அதாவது, போன நிதியாண்டு! கணக்காளரிடம் போய் "என் லேப்டாப்ல சரியாத்தான் இருந்தது" என்று சொல்ல முடியுமா?

படம் தெரியாமல் போவது: விண்டோஸிலும் மேக்கிலும் ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பொதுவாகப் பார்க்கப்படாது. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு ஃபைல். லேப்டாப்பில் தெரிந்த லோகோ, லினக்ஸ் சர்வரில் காணாமல் போவது இதனால்தான்.

வெர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. தமிழில் மெய்நிகர் கணினி. அதற்கென்று தனி இயங்குதளம், தனி மெமரி, தனி ஹார்டு டிஸ்க் எல்லாம் உண்டு. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தாலும், அதற்குள்ளேயே சர்வரில் இருக்கும் அதே லினக்ஸை ஓட்டலாம். இதைச் சாத்தியமாக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இது புது யோசனை கிடையாது. 1960-களிலேயே ஐபிஎம் தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அதை அறிவித்தது. சாதாரண மேசைக் கணினிக்கு இந்த வசதி வந்தது 1999-ல் வெளியான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலம். 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் வெர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. அது சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2010-ல் ஆரக்கிளிடம் வந்து சேர்ந்தது. இதற்கு உதவும் வசதியை இன்டெல் 2005-லும், ஏஎம்டி 2006-லும் தங்கள் பிராசசர்களுக்குள்ளேயே வைத்தன.

ஒரு கணினியைத் தயார் செய்து காப்பி எடுத்தால் போதாதா?

பெரும்பாலான டீம்கள் முதலில் செய்வது இதைத்தான். ஒருவர் உட்கார்ந்து ஒரு வெர்ச்சுவல் மெஷினைப் பக்காவாகத் தயார் செய்வார். பென் டிரைவில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார். முதல் மாதம் பிரமாதமாக ஓடும். பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு காப்பியும் பல ஜிபி இருக்கும். டேட்டாபேஸ் பதிப்பை மாற்ற வேண்டுமென்றால் எல்லோருக்கும் மறுபடி காப்பி கொடுக்க வேண்டும். அதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் காப்பியில் ஆளுக்கொரு மாற்றம் செய்திருப்பார்கள். பத்து பேர் டீமில் பத்து விதமான கணினி. ஆரம்பித்த இடத்துக்கே வந்தாச்சு.

அதைவிட முக்கியம், அந்த முதல் மெஷினுக்குள் என்னென்ன போடப்பட்டது என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. தயார் செய்தவர் வேலையை விட்டுப் போனால், அந்த ரகசியமும் அவரோடு போய்விடும். சாம்பாரை டப்பாவில் அடைத்து அனுப்பினால் ரெண்டு நாளில் கெட்டுவிடும். பக்குவத்தை எழுதிக் கொடுத்தால் எத்தனை வருஷம் ஆனாலும் புதிதாக வைத்துக்கொள்ளலாம். சேமித்து வைக்க வேண்டியது கணினியின் பிரதியை அல்ல, அதை உருவாக்கும் குறிப்பை.

குறிப்பை எழுதுவது எப்படி? வந்தது வேக்ரன்ட்

இந்த யோசனையைப் பரவலாக்கிய கருவி வேக்ரன்ட். மிட்செல் ஹாஷிமோட்டோ என்ற இளைஞர் 2010 ஜனவரியில் இதைத் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2012-ல் ஹாஷிகார்ப் நிறுவனம் உருவாகி, அதன் தயாரிப்பாக இது மாறியது. 2025-ல் ஹாஷிகார்ப் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கி முடித்தது.

வேக்ரன்டின் உயிர் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அதன் பெயர் வேக்ரன்ட்ஃபைல். எந்த இயங்குதளம், எவ்வளவு மெமரி, எந்தெந்த மென்பொருள் என்பதெல்லாம் அதில் சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும். டெவலப்பர் 'வேக்ரன்ட் அப்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். அடிப்படைப் பெட்டியை டவுன்லோடு செய்து, மெஷினை உருவாக்கி, மென்பொருட்களைப் போட்டு, பயன்படுத்தத் தயாராகக் கொடுத்துவிடும். 'வேக்ரன்ட் டெஸ்ட்ராய்' என்றால் அந்த மெஷின் மொத்தமாக அழிந்துவிடும். குறிப்பு கையில் இருப்பதால் பயமில்லை. மறுபடி ஒரு 'அப்' போட்டால் போச்சு.

படிப்படியாக அமைப்பது எப்படி?

1. சர்வரைப் பார்த்துப் பட்டியல் எடுங்கள்: இயங்குதளத்தின் பதிப்பு, டேட்டாபேஸ் பதிப்பு, நேர அமைப்பு, எழுத்து முறை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைப் பார்த்து எழுதினால் பழைய கதைதான் நடக்கும்.

2. அடிப்படைப் பெட்டியைப் பதிப்பு எண்ணோடு தேர்ந்தெடுங்கள்: இயங்குதளம் மட்டும் போட்ட தயார்நிலை மெஷினைத்தான் 'பாக்ஸ்' என்கிறார்கள். 'எது புதுசோ அது' என்று விட்டுவிட்டால், திங்கட்கிழமை உருவாக்கியவருக்கும் வெள்ளிக்கிழமை உருவாக்கியவருக்கும் வேறு வேறு மெஷின் வரலாம். டேட்டாபேஸ், துணை மென்பொருட்களுக்கும் இதே விதிதான்.

3. அளவாக மெமரி ஒதுக்குங்கள்: 8 ஜிபி லேப்டாப்பில் மெஷினுக்கு 6 ஜிபி கொடுத்தால் இரண்டுமே திணறும். 2 ஜிபியில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுவது நல்லது.

4. இன்ஸ்டால் வேலைகளை ஸ்கிரிப்டாக எழுதுங்கள்: சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட் போதும். பெரிய டீம் என்றால் ஆன்சிபிள், பப்பெட் போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டாவது முறை ஓடினாலும் எதையும் கெடுக்கக் கூடாது. 'ஏற்கெனவே இருக்கா? இருந்தா விட்டுடு' என்ற கணக்கில் எழுத வேண்டும்.

5. நிரல் வெளியே, சூழல் உள்ளே: டெவலப்பர் எழுதும் நிரல் லேப்டாப்பில் வழக்கமான ஃபோல்டரில் இருக்கட்டும். அந்த ஃபோல்டரை மெஷினுக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி வேக்ரன்டில் உண்டு. மெஷின் அழிந்தாலும் நிரல் அழியாது. ஆனால், மெஷினுக்குள் இருக்கும் டேட்டாபேஸ் அழிந்துவிடும். அதனால் மாதிரித் தரவுகளை நிரப்பும் ஸ்கிரிப்டும் கூடவே இருக்க வேண்டும்.

6. வேக்ரன்ட்ஃபைலை நிரலோடு சேர்த்து வையுங்கள்: கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் இது இருந்தால், யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற வரலாறு தானாகவே கிடைக்கும். மாற்றத்தை இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புதல் தரலாம்.

7. அழித்துப் பாருங்கள்: மாதத்துக்கு ஒருமுறையாவது மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். சரியாக வந்தால் குறிப்பு சரி. வரவில்லை என்றால், யாரோ ஒருவர் கையால் செய்த மாற்றம் குறிப்பில் ஏறவில்லை என்று அர்த்தம். 'அழிக்கவே பயமா இருக்கு' என்ற நிலையில் ஒரு மெஷின் இருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

கட்டளை கொடுத்ததுமே பிழை வந்தால் பதற வேண்டாம். பல கணினிகளில் வெர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேலே சொன்ன பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்னையில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. பகிரப்பட்ட ஃபோல்டர் உண்மையில் லேப்டாப் டிஸ்க்கில்தான் இருக்கிறது. எனவே அந்த ஒரு பிழை மெஷினுக்குள்ளும் கண்ணில் படாமல் போகலாம். அதற்குத் தனியாகச் சோதனை தேவை.

இன்ஸ்டால் ஆக ரொம்ப நேரம் பிடித்தால்?

மென்பொருள் பட்டியல் நீண்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டிவரும். இதற்கு ஹாஷிகார்ப் 2013-ல் வெளியிட்ட பேக்கர் என்ற கருவி உதவும். அதே ஸ்கிரிப்ட்களை ஒரு தடவை ஓட்டி, எல்லாம் போட்ட பெட்டியாகவே தயார் செய்துவிடும். அதற்குப் பதிப்பு எண் கொடுத்து அலுவலக சர்வரில் வைத்தால், டீமில் எல்லோரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதுவும் காப்பி எடுப்பதுதானே என்று தோன்றும். வித்தியாசம் இருக்கிறது. இங்கே பெட்டி தொலைந்தாலும் குறிப்பிலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம். பென் டிரைவ் காப்பியில் அது முடியாது.

பாஸ்வேர்டை உள்ளே வைத்தால் என்ன ஆகும்?

மறுபயன்பாட்டில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இது. ஒரு பெட்டியில் வைத்த ரகசியம், அதைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் போய்ச் சேரும்.

2021-ல் கோட்கவ் என்ற சேவையில் இது நடந்தது. மென்பொருள் சோதனைகள் நிரலின் எவ்வளவு பகுதியைத் தொடுகின்றன என்று அளந்து சொல்லும் சேவை அது. அந்த நிறுவனம் டாக்கர் இமேஜ் தயாரித்த முறையில் இருந்த தவற்றால், உள்ளே இருந்த ஒரு ரகசியச் சாவியை ஊடுருவல்காரர் எடுத்துவிட்டார். அதை வைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஸ்கிரிப்டையே மாற்றினார். ஜனவரி 31-ல் தொடங்கிய இந்த ஊடுருவல் ஏப்ரல் 1-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு மாதங்கள்! டாக்கர் வேறு, வெர்ச்சுவல் மெஷின் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்.

எனவே பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எதையும் பெட்டியிலோ வேக்ரன்ட்ஃபைலிலோ எழுதக் கூடாது. மெஷின் எழும்போது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர் போன்ற தரவுகளையும் உள்ளே வைக்கக் கூடாது.

வேக்ரன்ட் பெட்டிகளில் வழக்கமாக யூசர் பெயரும் பாஸ்வேர்டும் 'வேக்ரன்ட்' என்பதே. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். சொந்த லேப்டாப்புக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. அந்த மெஷினைப் பொது நெட்வொர்க்கில் திறந்துவிட்டால், வீட்டுச் சாவியை வாசல் படியிலேயே வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு தடவை எழுதினால் காலத்துக்கும் போதுமா?

போதாது. சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-ல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். அதன்பிறகு பழைய முகவரியிலிருந்து மென்பொருட்களை எடுக்க முடியாமல், அதுவரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட்கள் திடீரெனப் பிழை காட்டின. பாதுகாப்பு அப்டேட்களும் நின்றுபோயின.

கணினியே மாறும் சூழலும் வரும். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப் கொண்ட மேக்குகளை அறிமுகப்படுத்தியது. இன்டெல் சிப்புக்காகச் செய்த பெட்டிகள் அவற்றில் வழக்கம்போல ஓடவில்லை. காப்பி மட்டும் வைத்திருந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. குறிப்பு வைத்திருந்தவர்களுக்கும் வேலை இருந்தது. ஆனால், என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் அவர்களிடம் இருந்தது.

லைசென்ஸையும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் தயாரிப்புகளை ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடு கொண்ட உரிமத்துக்கு மாற்றியது. டீமின் சொந்த வேலைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஹாஷிகார்ப் நிறுவனத்துக்குப் போட்டியாக விற்பதற்குத்தான் கட்டுப்பாடு. இருந்தாலும் இதன் தாக்கமாக, உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் 24.04 பதிப்பிலிருந்து வேக்ரன்ட் பெட்டிகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. வெர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் இலவசம். ஆனால் அதன் 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் தொகுப்பை நிறுவனங்கள் பயன்படுத்தப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

டாக்கர் இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. 2013-ல் வந்த டாக்கர், பல டீம்களில் வேக்ரன்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. வெர்ச்சுவல் மெஷின் முழு இயங்குதளத்தையும் சுமக்கிறது. டாக்கரின் கன்டெய்னர், இருக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் வேகமாக எழும், மெமரியும் குறைவாகப் பிடிக்கும்.

ஆனால் கெர்னல் அமைப்பையே மாற்றிப் பார்க்க வேண்டும், ஃபயர்வால் விதிகளைச் சோதிக்க வேண்டும், சர்வர் முழுதாக ரீஸ்டார்ட் ஆனால் எல்லா சேவைகளும் தானாக எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றால் வெர்ச்சுவல் மெஷின்தான் சரி. லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருளைச் சோதிக்கவும் அதுவே வழி. சொல்லப்போனால், விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்ட, டாக்கர் டெஸ்க்டாப்பும் உள்ளே ஒரு லினக்ஸ் வெர்ச்சுவல் மெஷினைத்தான் ஓட்டுகிறது.

ஒரே ஒருவர் எழுதும் சின்ன புரோகிராமுக்கு இரண்டுமே தேவைப்படாது. இரண்டாவது ஆள் சேரும் நாளிலிருந்து தேவைப்படும்.

சுருக்கமாக...

• சேமிக்க வேண்டியது மெஷினை உருவாக்கும் குறிப்பை. காப்பியை மட்டும் நம்பக் கூடாது.

• லேப்டாப்பைப் பார்த்து எழுதாமல், சர்வரைப் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் கட்டாயம்.

• பாஸ்வேர்டும் உண்மையான வாடிக்கையாளர் தரவும் உள்ளே போகக் கூடாது.

• அடிக்கடி அழித்து, புதிதாக உருவாக்கிப் பார்க்க வேண்டும். ஆதரவு முடியும் தேதிகளைக் கண்காணிக்க வேண்டும்.

உங்கள் டீமின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. அடுத்து வேலைக்குச் சேருபவரிடம் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, யாரும் உதவாமல் விட்டுப் பாருங்கள். மதிய சாப்பாட்டுக்குள் அவர் நிரலை ஓட்டிக் காட்டினால், குறிப்பு சரியாக இருக்கிறது. "அந்த அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்டால், கைப்பக்குவம் இன்னும் எழுத்துக்கு வரவில்லை.